பீடத்துப் படத்தில் தியனோராவின் முகம்

ரோம்
1583, மார்ச் 6

தியனோராவுக்கு,

சனோபி நேற்று மத்தியானம் தன் கோவேறு கழுதைகளோடு வந்து சேர்ந்தான். அம்மா கொடுத்தனுப்பிய பாலாடைக்கட்டி வந்தது, கம்பளிக் காலுறை வந்தது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அதைக் கேட்கத்தான் அவனைப் பிடித்து நிறுத்தினேன். நாங்கள் எல்லோரும் கல் செதுக்கிக்கொண்டிருக்கும் முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் அவன் சொன்னான்: "பியாஜோ, ஒன் பொண்டாட்டி இப்ப பீடத்துக்கு மேல இருக்காடா."

நீ செத்துப்போய்விட்டாய் என்றுதான் நினைத்தேன். கையிலிருந்த சுத்தியல் என் காலிலேயே விழுந்தது. நான் ஒற்றைக் காலில் குதிப்பதைப் பார்த்துவிட்டு அவன் சிரிக்கிறான்.

"சாகலடா, நல்லாத்தான் இருக்கா. நம்ம கோயிலுக்குப் புதுப் படம் வந்திருக்கு. சேசுவைச் சிலுவையிலேருந்து எறக்குறாங்க பாரு, அந்தப் படம். காலடியில தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு மதலேன் மரியாள் அழறா. அது தியனோராவேதான். கண்ணு, மூக்கு, அந்தக் கொஞ்சம் கோணின ஒதடு, எல்லாம். ஊரே சொல்லுது, நானும் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

அவ்வளவுதான். என்னோடு கல் செதுக்கும் லொம்பார்டிக்காரர்களுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? "பியாஜோ, ஒன் வீட்டுக்காரி முன்னாடி மெழுகுவத்தி ஏத்தணும்னா எங்க வாங்கறது?" என்கிறான் ஒருவன். "இவன் ராத்திரி மண்டி போட்டுத்தான் பேசணும் போல" என்கிறான் இன்னொருவன். இன்று காலை என் வேலைக்கல்லின் மேல் யாரோ பூ வைத்திருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். யார் அந்த ஓவியன்? அவன் உன்னை எப்போது பார்த்தான், எங்கே பார்த்தான்? உன் முடியை அவிழ்த்துப் பார்த்த ஆண்பிள்ளை உலகத்தில் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சனோபி இன்னும் இரண்டு நாளில் கிளம்புகிறான், அவனிடம் இதைத் தருகிறேன். பத்திரம் எழுதுகிறவரின் மகள் நீ. எழுதத் தெரியாது, நேரமில்லை என்ற கதையெல்லாம் வேண்டாம்.

பியாஜோ

*

செர்ராவெக்கியா
1583, மார்ச் 21

கணவருக்கு,

உங்கள் கால் எப்படி இருக்கிறது? விரல் முறிந்திருந்தால் கட்டுப் போடுங்கள். முறியவில்லை என்றால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

ஓவியரின் பெயர் சிப்ரியானோ. பார்மா பக்கத்து ஊர்க்காரர். கிழவரில்லை, பையனுமில்லை. நீங்கள் ரோமுக்குக் கிளம்பின பிறகு வந்து, நம் சாமியார் இலாரியோவின் வீட்டு மாடியில் தங்கியிருந்தார். கோயிலுக்குள் பீடத்தை ஒட்டி உயரமாகச் சாரம் கட்டி, அதைச் சுற்றித் துணி போட்டு மறைத்துக்கொண்டு வரைந்தார். நான் அவரிடம் பேசியது மூன்று முறை. மூன்று முறையும் சாமியார் வீட்டுக்கு ரொட்டி கொண்டுபோன போது. மூன்று முறையும் அவர் சொன்னது ஒன்றுதான்: "இந்த ஊர்ல ரொட்டிக்கு உப்பே போட மாட்டீங்களா?" இதில் எந்த இடத்தில் நான் தலையை அவிழ்த்தேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

பிப்ரவரியில் மெழுகுவத்தித் திருநாள் பூசைக்குத்தான் துணியை இறக்கினார்கள். நாம் கண்ட படங்களில் மலை இருக்கும், மரம் இருக்கும், சிலுவைக்குக் கீழே மண் இருக்கும். இதில் மண்ணே இல்லை. ஆட்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவராக அந்தரத்தில் சுழல்கிறார்கள். ஒருவன் ரோஜா நிறச் சட்டை போட்டிருக்கிறான், அது சட்டையா தோலா என்றே தெரியவில்லை. இன்னொருவன் பழுக்காத ஆப்பிள் மாதிரிப் பச்சை. விரல்கள் சாண் நீளம். மாதாவின் கழுத்து இருக்கிறதே, கொல்லர் ஓர்சோ பூசை நடுவிலேயே, "மாதாவை யாராவது தலையைப் பிடிச்சுத் தூக்கிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டார். அவர் மனைவி இடித்த இடியில் முன்வரிசை முழுக்க ஆடியது, எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

பிறகு சிரிப்பு நின்றது. ஏனென்றால் அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அவர்கள் எல்லோரும் இப்போதுதான், இந்த நிமிடம்தான், எதையோ இழந்த மாதிரி விழிக்கிறார்கள். எங்கோ ஒரு பெண் விசும்பினாள். அப்புறம் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. படத்தைப் பார்க்க, என்னைப் பார்க்க, மறுபடி படத்தைப் பார்க்க. உங்கள் அம்மா என் முக்காட்டைப் பிடித்து மூக்குவரைக்கும் இழுத்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் வந்து என் சட்டைக்கையைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். வாசலில் முட்டை வைக்கிறார்கள். "வெட்கங்கெட்ட ஜனங்க" என்று உங்கள் அம்மா திட்டுகிறார், திட்டிக்கொண்டே முட்டையைப் பொரிக்கிறார். என்னிடம் மட்டும் பேசுவதில்லை.

அது என் முகமா? எனக்குத் தெரியாது. நம் வீட்டில் கண்ணாடி கிடையாது, வாளித் தண்ணீரில் தெரிவதுதான் எனக்குத் தெரிந்த முகம். ஆனால் அந்தப் படத்துக்கு முன்னால் நிற்கும்போது முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன். என்னமோ என்னுடையதை யாரோ எடுத்து மாட்டி வைத்த மாதிரி. அது ஏன் என்று எனக்கும் புரியவில்லை. ஓவியர் பார்மாவுக்குப் போயிருக்கிறார். படத்துக்குச் சட்டம் அடிக்க ஈஸ்டருக்கு வருவாராம். வரட்டும், உங்களைவிட நான் கோபமாக இருக்கிறேன்.

தியனோரா

*

ரோம்
1583, ஏப்ரல் 3, குருத்து ஞாயிறு

தியனோரா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கொல்லர் என்ன சொன்னார், முட்டையை யார் பொரித்தார், எல்லாம் இருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை.

சரி, இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், இப்போது எழுதிவிடுகிறேன். ஜெம்மாவைப் புதைத்த அன்று நான் எப்படி இருந்தேன் என்று ஊருக்குத் தெரியும். கன்றுக்குட்டி மாதிரிக் கதறினேன். அம்மா மயங்கி விழுந்தாள். நீ நின்றுகொண்டிருந்தாய். பெற்ற பிள்ளையைக் குழிக்குள் இறக்கும்போது உன் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாய், அடுப்பை மூட்டினாய். மறுநாள் விடியும் முன் மாவு பிசைந்தாய். கல்லோடு வேலை செய்கிறவன் நான், வீட்டுக்குள்ளும் கல்லா என்று தோன்றியது. ஒரு வாரம் பார்த்தேன். அதற்குமேல் அந்த வீட்டில் இருக்க முடியாமல்தான் ரோமுக்கு வந்தேன். வேலை கிடைத்தது என்று சொன்னது உனக்காகச் சொன்னது.

இப்போது சனோபி சொல்கிறான், படத்தில் நீ அழுகிறாயாம். கன்னமெல்லாம் நனைந்து, மூக்கு சிவந்து, கல்லும் கரைகிற மாதிரி அழுகிறாயாம். நம் பிள்ளைக்கு வராத கண்ணீர் ஓவியனுக்கு வந்ததா? இதற்குப் பதில் எழுது.

பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்த முகம் அங்கே இருக்கப் போவதில்லை. நாங்கள் இப்போது வாசல் செதுக்கும் வீடு ஒரு பெரிய சாமியாருடையது. நம் பக்கத்துக் கோயில்களை எல்லாம் விசாரணை செய்ய மே மாதம் அவர்தான் வருகிறார். அவருடைய எழுத்தர் தினமும் காலையில் வந்து வேலையைப் பார்ப்பார். நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன். "செர்ராவெக்கியாவுல உயிரோட இருக்கற பொம்பளையோட முகத்தைப் புனிதைக்கு வச்சு வரைஞ்சிருக்காங்க ஐயா. என் பொண்டாட்டி முகம்." அவர் உடனே குறித்துக்கொண்டார். அப்படி வரைவது இப்போது தடையாம். ஒத்திருப்பது உறுதியானால் முகத்தைச் சுரண்டிவிட்டு வேறு முகம் எழுதச் சொல்வார்களாம். அனுமதித்த பங்குச் சாமியாரையும் மாற்றுவார்களாம்.

சுரண்டட்டும். அப்போதாவது லொம்பார்டிக்காரர்கள் வாயை மூடுவார்கள்.

பியாஜோ

*

செர்ராவெக்கியா
1583, ஏப்ரல் 17

பியாஜோ,

பெயரைச் சொல்லி எழுதுகிறேன். மரியாதை குறைந்தது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை ஓவியர் வந்தார். நான் ரொட்டிக் கூடையோடு நேராகக் கோயிலுக்குப் போனேன். அவர் ஏணியின்மேல் நின்று சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். "கீழ எறங்குங்க" என்றேன். இறங்கினார்.

"அது என் முகமா?"

ஏதாவது சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம்மா" என்றார்.

"எப்பப் பார்த்தீங்க?"

"நவம்பர்ல. தெனமும் மத்தியானம் பூசைக்கெல்லாம் ஆள் இல்லாத நேரத்துல நீங்க வருவீங்க. கதவைச் சாத்திட்டுப் பீடத்துக்கு முன்னாடி உக்காருவீங்க. உள்ள யாரும் இல்லைன்னு நெனைப்பீங்க. நான் துணிக்குப் பின்னாடி சாரத்து மேல இருந்தேன்."

"ஒரு இருமலாவது இருமியிருக்கலாம்ல?" என்றேன்.

"மொத நாள் இருமலாம்னுதான் பார்த்தேன். பயமா இருந்துச்சு. நான் இருக்கேன்னு தெரிஞ்சா நீங்க அழறதை நிறுத்திடுவீங்க. அப்புறம் இந்த ஊர்ல ஒங்களுக்கு அழ எடமே இருக்காதுன்னு தோணுச்சு. அதனால தூரிகையக்கூடக் கீழ வைக்காம அப்படியே நிப்பேன். நீங்க போன பிறகு வரைவேன். நெனைச்சு எதையும் திருடலம்மா. கண்ணை மூடினா அந்த முகம்தான் வந்துச்சு. வேற முகம் வரல."

நான் அவரை அறைந்தேன். கோயிலென்றும் பார்க்கவில்லை. சத்தம் கூரை வரை கேட்டது. சாமியார் இலாரியோ பீடத்துக்குப் பின்னால் உள்ள உடுப்பறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உடனே தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஓவியர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "ரொட்டி சுடற கை, நல்லா பலமா இருக்கு" என்றார். கூடையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோயிலில் கதவைச் சாத்திக்கொண்டு எதற்கு அழுதேன் என்று நினைக்கிறீர்கள்?

நாட்காட்டியைத் திருத்துகிறோம் என்று பத்து நாட்களைக் காணாமல் அடித்தார்களே, அந்த அக்டோபரில்தான் ஜெம்மா போனாள். நான்காம் தேதி படுத்துப் பதினைந்தாம் தேதி எழுந்திருக்க வேண்டும் என்று சாமியார் சொன்னபோது, காய்ச்சலில் கிடந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது என்ன தெரியுமா? அந்தப் பத்து நாளை யாராவது இவளுக்குக் கொடுக்க மாட்டார்களா என்று. புதைத்த அன்று நீங்கள் கதறினீர்கள், உங்கள் அம்மா விழுந்தார். மூன்றாவது ஆளாக நானும் விழுந்திருந்தால் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது யார்? மறுநாள் ஊருக்கு ரொட்டி சுடுவது யார்? அழுகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தேன். நீங்கள் வீட்டில் இருக்கும்போது அழ வேண்டும் என்றுதான் இருந்தேன். நீங்கள் ஒரு வாரத்தில் கிளம்பிவிட்டீர்கள்.

உங்களுக்காக வைத்திருந்ததை உங்களுக்குப் பதிலாக யாரோ ஒரு பார்மாக்காரர் பார்த்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அவரை அறைந்தாயிற்று. உங்களை என்ன செய்வது?

அந்த முகத்தைச் சுரண்டச் சொல்லிப் புகார் கொடுத்திருக்கிறீர்கள். சுரண்டினால் போவது என் முகம் இல்லை. எனக்கு முகம் இங்கே கழுத்துக்கு மேல் பத்திரமாக இருக்கிறது. ஜெம்மாவுக்காக இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதைச் சுரண்டிவிட்டு, வயதான சாமியாரையும் துரத்திவிட்டு, லொம்பார்டிக்காரர்களோடு உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

தியனோரா

*

ரோம்
1583, ஏப்ரல் 29

தியனோரா,

கடிதம் இன்று காலை வந்தது. படித்த கையோடு எழுத்தரின் வீட்டுக்கு ஓடினேன். உளியைக்கூடக் கையிலிருந்து வைக்கவில்லை, வாசற்காவலன் என்னைக் கொலைகாரன் என்று நினைத்துவிட்டான். எழுத்தர் இல்லை. பெரிய சாமியாரும் அவருடைய ஆட்களும் மூன்று நாளுக்கு முன்பே புறப்பட்டுப் போய்விட்டார்கள்.

வேலைத்தலைவரிடம் போனேன். "வாசல் வளைவு பாதியில நிக்குது. நடுக்கல்லு ஒன் கையில இருக்கு. இப்ப நீ போனா மொத்தமும் சரிஞ்சு நாலு பேர் மண்டையில விழும். போறியா?" என்றார். போக முடியவில்லை. கல் ஏறின மறுநிமிடம் கிளம்புகிறேன்.

நம் பக்கம் அவசரமாகப் போகும் கம்பளி வியாபாரி ஒருவரிடம் இந்தக் கடிதத்தைத் தருகிறேன். விசாரணை நடந்தால் இதைப் பெரிய சாமியாரிடம் காட்டு. கல்தச்சன் பியாஜோ ஆகிய நான் பொறாமையில் உளறினேன், நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை, என் வார்த்தையை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இதில் என் கையால் எழுதியிருக்கிறேன். இது பத்தாது என்றால் உன் அப்பாவைக் கேட்டு எப்படி எழுத வேண்டுமோ அப்படி எழுதிக்கொள், கீழே என் பெயரைப் போடு.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மற்ற நாளில் கல்லைத் தட்டினால் நல்ல கல்லா விரிசல் கல்லா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன், உன் விஷயத்தில்தான் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

எப்படியாவது அதைக் காப்பாற்று.

பியாஜோ

*

செர்ராவெக்கியா
1583, மே 14

பியாஜோவுக்கு,

கம்பளி வியாபாரி அரெட்ஸோவில் ஒரு கல்யாணத்தில் உட்கார்ந்துவிட்டு, உங்கள் கடிதத்தை நேற்றுத்தான் கொண்டுவந்தார். அதற்கு முந்தின நாளே எல்லாம் முடிந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

பெரிய சாமியார் வியாழக்கிழமை காலை வந்தார். ஒல்லியானவர், கடுமையான ஜலதோஷம். எழுத்தர் ஒருவர், காவலர் இருவர். ஊரில் ஒருவர்கூட வயலுக்குப் போகவில்லை. ஆட்டுக்காரர்கள் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். கோயிலுக்குள் மூச்சு விட இடமில்லை. சாமியார் இலாரியோ சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே இருந்ததில் அது மணி மாதிரி அடித்தது.

பெரிய சாமியார் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார், தூரப் போய்ப் பார்த்தார். "இவங்களுக்கெல்லாம் எலும்பே கிடையாதா?" என்றார். பிறகு எழுத்தர் வாசித்தார்: இந்த ஊர்க் கல்தச்சன் ஒருவன் கொடுத்த புகார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நீங்கள் அங்கே இருந்திருந்தால் உங்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஓர்சோ சுத்தியலோடுதான் வந்திருந்தார்.

"அந்தப் பொண்ணு யாரு? முன்னால வரச் சொல்லுங்க."

போனேன். முக்காட்டை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். படத்துக்குக் கீழே நிற்க வைத்து, மெழுகுவத்தியை என் முகத்துக்கும் அவள் முகத்துக்குமாக மாற்றி மாற்றிக் காட்டினார். காதில் மெழுகு சொட்டியது.

ஓர்சோ தாங்க மாட்டாமல் எழுந்தார். "சாமி, நான் இவளைப் பொறந்ததிலேருந்து பார்க்கறேன். அந்தக் கழுத்து இவளுக்கு இருந்தா எங்க வீட்டுப் பரணை ஏணி இல்லாமலே பார்த்திருப்பா."

கோயில் முழுக்கச் சிரிப்பு. பிறகு ஆளாளுக்கு எழுந்தார்கள். முடி இவளுக்குக் கறுப்பு, அங்கே சிவப்பு என்றார் ஒருவர். ஆலைக்காரர் மனைவி லபா எழுந்து, "பார்க்கப்போனா அந்த மூக்கு என் மூக்கு மாதிரிதான் இருக்கு" என்று வெட்கத்தோடு சொன்னாள். வாசலில் முட்டை வைத்தவர்கள், சட்டைக்கையைத் தொட்டவர்கள், ஒருத்தர் பாக்கி இல்லாமல் எந்த ஒற்றுமையும் தெரியவில்லை என்றார்கள். சனோபியும் சொன்னான். அவனால் வந்த வினை என்று அவனுக்கே தெரியும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பெரிய சாமியார் முட்டாள் இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஊர் மொத்தமும் ஒரே மாதிரிப் பேசினா எனக்குச் சந்தேகம் வரும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, மண்டி போடு. அவளை மாதிரியே தலையைத் தூக்கி மேல பாரு" என்றார்.

மண்டி போட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். பியாஜோ, அந்தக் கண்கள் எதைப் பார்க்கின்றன என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். உதடு கோணத் தொடங்கியது. இன்னும் ஒரு மூச்சு இழுத்திருந்தால் உடைந்திருப்பேன். மேலே ஒரு முகம், கீழே அதே முகம். குருடனுக்கும் தெரிந்திருக்கும்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். உங்கள் அம்மா.

"அழுகையா? இவளுக்கா? சாமி, நான் இவ மாமியார், பேரு பிப்பா. ஒரே வீட்டுல இருக்கேன். இவ அழுது நான் பார்த்ததே இல்ல. பெத்த பிள்ளையப் பொதைச்ச அன்னிக்கும் இவ கண்ணு நனையல. ஊரே சாட்சி. கல்லு மாதிரி நின்னா. என் மகன் அதைப் பார்த்துட்டுத்தான் வீட்ட விட்டே போனான். இந்தப் படத்துல இருக்கறவளுக்கு நெஞ்சு இருக்கு. இது வேற யாரோ."

எனக்குக் காது சூடேறியது. வந்த கண்ணீர் வந்த வழியே உள்ளே போய்விட்டது. மண்டி போட்டபடியே திரும்பி உங்கள் அம்மாவை முறைத்தேன். அடுத்த நொடி எழுந்து அவரை அடித்துவிடுவேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம்.

பெரிய சாமியார் என் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். "எழுதிக்கோ" என்றார் எழுத்தரிடம். "நேரில் பார்த்தோம். ஒற்றுமை இல்லை. புகார் தள்ளுபடி." கிளம்பும்போது, சேசுவைத் தூக்கிப் பிடித்திருக்கும் அந்த ரோஜா நிறக்காரனுக்குத் தொடை ரொம்பத் தெரிகிறது, ஒரு துணி தொங்கவிடுங்கள் என்றார். பங்குச் சாமியாரை மாற்றும் பேச்சே வரவில்லை. சாமியார் இலாரியோ தன் பழைய மேலாடையைக் கிழித்து அன்றைக்கே கட்டிவிட்டார். அந்தத் துணிதான் இப்போது படத்திலேயே அசிங்கமாக இருக்கிறது.

இனிதான் சொல்ல வேண்டியதே இருக்கிறது. வீட்டு வாசலுக்கு வந்ததும், "ஊர் முன்னாடி எனக்கு நெஞ்சே இல்லைன்னு சொல்லிட்டீங்களே அத்தை" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஒனக்குக் கோவம் வரலன்னா அழுதிருப்ப. அழுதிருந்தா அந்த முகம் போயிருக்கும்."

"அது என் முகம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெனமும் மத்தியானம் மாவுக் கையோட நீ எங்க போறேன்னு எனக்குத் தெரியாதா? நவம்பர் முழுக்கக் கோயில் கதவுக்கு வெளியில யாருடி நின்னது? அந்த லபா ரெண்டு தடவை ஜெபம் சொல்லணும்னு வந்தா. நான்தான் சண்டை போட்டுத் திருப்பி அனுப்பினேன். பார்த்ததில்லைன்னுதானே சாமிகிட்ட சொன்னேன்? பார்க்கல. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் செய்தது வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டியது. நன்றாகவே அழுதோம். இருட்டும்வரை அடுப்பு மூட்டவில்லை.

உங்கள் வாசல் வளைவு நின்றதா?

தியனோரா

*

செர்ராவெக்கியா, கோயிலிலிருந்து
1583, ஜூன் 5

தியனோரா,

கடிதத்தின் மேலே ஊர்ப் பெயரைப் பார்த்து ஆச்சரியப்படாதே. வளைவு நின்றது. அன்றே கிளம்பினேன். சியன்னா தாண்டியதும் சனோபி எதிரே வந்து, உன் கடிதத்தைக் கொடுத்தான். படித்துவிட்டு இரண்டு மடங்கு வேகமாக நடந்தேன். ஆனால் மேட்டுக்கு வந்ததும் வீட்டுப் பக்கம் கால் போகவில்லை. கோயிலுக்குள் வந்துவிட்டேன். காலையிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். தாளும் மையும் சாமியாருடையவை. கடிதத்தைக் கொண்டுவரப் போவதும் அவர்தான். "நாற்பது வருஷம் குருவா இருந்து கடைசியில தூது போற வேலை" என்று முணுமுணுக்கிறார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முகத்துக்கு நேரே சொல்ல வராது.

உள்ளே வந்து படத்தின் முன்னால் நின்றேன். இத்தனை நாள் ரோமில் நான் கற்பனை செய்து எரிந்துகொண்டிருந்த முகத்தைத் தேடினேன். காணவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சாமியார் பக்கத்தில் வந்து, "அதோ, அவதான்" என்று விரலை நீட்டினார். அப்போதும் எனக்குத் தெரியவில்லை. ஊரெல்லாம் ஒரே பார்வையில் கண்டுகொண்ட முகம். ஆட்டுக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது, சனோபிக்குத் தெரிந்திருக்கிறது. உன் புருஷனுக்கு அடையாளம் தெரியவில்லை.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வெளிச்சம் நகர்ந்து அவள் மேல் வந்தது. முதலில் அந்த உதடு தெரிந்தது. அப்புறம் நெற்றி. ஒவ்வொன்றாக நீ வந்தாய். வந்து முடித்தபோது என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

நான் பார்க்காத முகம் அது. நான் இருந்திருக்க வேண்டிய இடத்தில் சாரமும் துணியும் இருந்திருக்கின்றன. ஓவியனை நீ அறைந்தது போதும், நான் அவனிடம் ஒன்றும் கேட்கப் போவதில்லை. அவன் நன்றாக வேலை செய்திருக்கிறான். கல்லில்கூட இப்படி வராது.

உன் வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இல்லை என்றால் சாமியாரிடம் சொல்லி அனுப்பு, அவர் வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறதாம்.

பியாஜோ

*

அதே நாள்

பியாஜோவுக்கு,

நீங்கள் வந்தது காலையிலேயே தெரியும். உங்கள் அம்மா கொல்லைப்புறத்திலிருந்து பார்த்துவிட்டார். "கோயிலுக்குப் போறான். போகட்டும். பார்த்துட்டு வரட்டும்" என்றார். மத்தியானத்திலிருந்து அவரை இருக்கையில் பிடித்து வைத்திருப்பதே எனக்குப் பெரிய வேலை.

அடையாளம் தெரியவில்லை என்று எழுதியதை நம்புகிறேன். எனக்கே தெரியவில்லையே. யார் கேட்டாலும் அந்த முகத்தை என்னால் காட்ட முடியாது. ஆனால் அது போய்விடவும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் வரும். மாவு பிசையும்போது வரும், பக்கத்து வீட்டுக் குழந்தை சிரித்தால் வரும். வரும்போது வீட்டில் இருங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

பேச்சைக் குறைத்துக்கொண்டு இருட்டுவதற்குள் வாருங்கள். அவரைக்காயும் ரொட்டியும் இருக்கிறது. சாமியாரையும் அழைத்து வாருங்கள், மேட்டில் இரண்டு தடவை ஏறி இறங்கி அவருக்கு மூச்சு வாங்குகிறது.

நாளை காலை நாம் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். வடக்குச் சுவர் ஓரம், ரோஸ்மேரிச் செடிக்குப் பக்கத்தில். உங்களுக்கு இடம் நினைவிருக்காது, நானே காட்டுகிறேன். அவளுக்குமேல் இன்னும் வெறும் மண்தான் இருக்கிறது. ரோமில் யார் யாருக்கோ வாசல் செதுக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

உளியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

தியனோரா